ஆறு ஓட்டில் தோற்றவருக்கு மறு எண்ணிக்கை கேட்கும் உரிமை உண்டா?

பவானிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் அவருடைய பெரியப்பா ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு 6 வாக்குகளில் தோற்றிருக்கிறார். மறுபடி எண்ணச் சொல்லி அங்கேயே கேட்டும் அதிகாரி மறுத்துவிட்டார். எதிரில் நின்றவரும் பங்காளிதான் என்பதால் குடும்பத்தார் வழக்கு வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். அன்று கோர்ட்டுக்குப் போயிருந்தால் எண்ணியிருப்பார்களா, சட்டமன்றத் தேர்தலில் இயந்திரம் என்பதால் விதி வேறா, வழக்கு நடக்கும்போது வென்றவர் பதவியில் உட்காருவதைத் தடுக்க முடியுமா என்று அவர் கேட்கிறார். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி: வித்தியாசம் மிகக் குறைவு என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி, வாக்குகளை மீண்டும் எண்ணச் சொல்லும் உரிமை தோற்றவருக்கு உண்டா? இல்லை என்பதே சட்டத்தின் பதில். ஈரோட்டில் வழக்கறிஞராக இருந்து, தேர்தல் மனுக்களில் வென்றவர் பக்கமும் தோற்றவர் பக்கமும் நின்றவன் என்ற முறையிலும், எண்ணிக்கைக்கு முந்தைய நாட்களில் முகவர்களுக்கு வகுப்பெடுத்தவன் என்ற முறையிலும் அந்த பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இந்தத் தவறான எண்ணம் பரவியதற்கு வெளிநாட்டுச் செய்திகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் வித்தியாசம் கடைசியில் 537 வாக்குகளாக நின்றது. அந்த மாநிலச் சட்டப்படி வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் யாரும் கேட்காமலேயே ஒருமுறை மறுபடி எண்ணியாக வேண்டும். நம் சட்டத்தில் அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் வித்தியாசம் 281, சென்னை தியாகராய நகரில் 137. இந்த எண்கள் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும், அவை தாமாக எந்த மறு எண்ணிக்கையையும் கொண்டுவருவதில்லை. கொண்டுவருவது காரணம் காட்டி எழுதப்பட்ட ஒரு விண்ணப்பம் மட்டுமே. (மொடக்குறிச்சி வேறொரு வகையிலும் தேர்தல் சட்ட வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1996இல் அங்கே 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். அதே ஆண்டில்தான் சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.)

அந்த விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. அது மிகக் குறுகியது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 63ஆவது விதி இதைச் சொல்கிறது. எண்ணி முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற மொத்த வாக்குகளைப் படிவம் 20இல் எழுதி, அறிவிக்க வேண்டும். அறிவித்தபின், வேட்பாளர்கள் மறு எண்ணிக்கை கேட்பதற்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த அவகாசத்துக்குள் வேட்பாளரோ, அவர் இல்லாவிட்டால் தலைமை முகவரோ எண்ணும் முகவரோ எழுத்து மூலம், காரணத்துடன், முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ மறுபடி எண்ணக் கேட்கலாம். அலுவலர் ஏற்கலாம்; பகுதியாக ஏற்கலாம்; அற்பமானது, நியாயமற்றது என்று கருதினால் மறுக்கலாம். எப்படி முடிவெடுத்தாலும் அதைக் காரணத்துடன் எழுத்தில் தர வேண்டும். படிவம் 20ஐப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பின் எந்த விண்ணப்பமும் செல்லாது. மஞ்சள் மண்டியில் எடை போடும்போது தராசைப் பார்க்காமல் இருந்துவிட்டு, சீட்டில் கையெழுத்துப் போட்டு வண்டி கிளம்பியபின் எடை குறைகிறது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஊராட்சித் தேர்தலுக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் அதன்கீழ் 1995இல் வந்த தேர்தல் விதிகளும் பொருந்தும்; மறு எண்ணிக்கையைப் பொறுத்தவரை நெறி ஏறக்குறைய இதேதான்.

நடைமுறையில் நான் பார்ப்பது என்னவென்றால், விண்ணப்பம் வாய்மொழியாகத்தான் போகிறது. எண்ணும் மையத்தில் வெளியே வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும், தோற்றவர் பக்கத்து ஆள் ஒருவர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, "சார், இன்னொருக்கா எண்ணச் சொல்லுங்க சார்" என்று கேட்பார், அலுவலர் முடியாது என்பார், வாக்குவாதம் ஆகும், போலீஸ்காரர் வந்து வெளியே அழைத்துப் போவார். பிறகு மனுவில் "மறு எண்ணிக்கை கேட்டோம், மறுத்தார்" என்று எழுதினால் அதற்குச் சாட்சியாக ஒரு காகிதமும் இருக்காது. எழுதிக் கொடுத்தவர்களிலும் பெரும்பாலோர், "வித்தியாசம் மிகக் குறைவாக இருப்பதால், எண்ணிக்கையில் முறைகேடு நடந்திருக்கலாம் என்று சந்தேகிப்பதால்" என்றுதான் எழுதுகிறார்கள். அதை மறுத்ததற்காக எந்த அலுவலரையும் எந்த நீதிமன்றமும் குறை சொல்லாது. "7ஆவது மேசையில் எங்கள் சின்னத்தில் முத்திரை விழுந்த 11 இளஞ்சிவப்புச் சீட்டுகளை, மடிப்பில் பட்ட மைக்கறையை இரண்டாவது முத்திரை என்று சொல்லிச் செல்லாதவையாக ஒதுக்கினார்கள், எங்கள் முகவர் அப்போதே ஆட்சேபித்தார், வித்தியாசம் 6 மட்டுமே, ஆகவே அந்த மேசையின் செல்லாத சீட்டுகளையாவது மறுபடி பார்க்கவும்" என்று எழுதினால் நிலைமை வேறு. அதில் இடம், எண்ணிக்கை, தவறு, விளைவு நான்கும் இருக்கின்றன. அதை மறுப்பவர் தாம் மறுத்த காரணத்தை எழுதியாக வேண்டும். அப்படி எழுதிய காரணத்தின் மேல்தான் பிறகு அவர் நிற்க முடியும். பொது அதிகாரி ஒருவரின் உத்தரவுக்குப் புதுக் காரணங்களைப் பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க முடியாது என்று 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் வாக்கு எண்ணிக்கையில் பிறந்த வழக்குதான்.

மடிப்பு மை என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஊராட்சித் தேர்தல் தகராறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. ஊரக உள்ளாட்சியில் ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டுகள்: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். எல்லாவற்றையும் முதலில் நிறம் பிரித்து, பிறகு சின்னம் பிரித்துக் கட்டுக் கட்டுவார்கள். வாக்காளர் மை காயுமுன் சீட்டை மடித்தால் எதிர்ப் பாதியில், சில நேரம் எதிரியின் சின்னத்துக்கு நேராகவே, அதே முத்திரை பதியும். அம்பு நுனிகளுடன் கூடிய ஸ்வஸ்திக் வடிவ முத்திரையை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நேராகக் குத்திய முத்திரையில் கைகள் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்; மடிப்பில் ஒட்டியதில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மறுபக்கம் திரும்பியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துக் கைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தால் எது வாக்கு, எது கறை என்பது தெரிந்துவிடும். கறை பட்டிருந்தாலும் அது செல்லத்தக்க வாக்கு. இரவு இரண்டு மணிக்கு, காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆசிரியர் அதைப் பார்க்கத் தவறுவது நடக்கக்கூடியதுதான். வாக்குச்சாவடி அதிகாரி சீட்டின் பின்னால் முத்திரையோ கையெழுத்தோ இடத் தவறிய சீட்டுகளும் இப்படியே: அந்தத் தவறு அதிகாரியுடையது என்று தெரிந்தால் அதற்காக மட்டும் வாக்காளரின் வாக்கைத் தள்ளக் கூடாது என்பதே தேர்தல் விதிகளின் பொதுவான நிலை. இரண்டு சின்னத்தில் நேராகவே குத்தியிருந்தால், எதிலும் குத்தாமல் இருந்தால், பேனாவால் டிக் போட்டிருந்தால், யார் போட்டது என்று அடையாளம் தெரியும்படி எதையாவது எழுதியிருந்தால் அது செல்லாது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. உங்கள் பெரியப்பாவின் 6 வாக்கு வித்தியாசத்தில் செல்லாத சீட்டுகள் எத்தனை, எந்தக் காரணத்துக்காகத் தள்ளப்பட்டன என்பதுதான் முதலில் தெரிந்திருக்க வேண்டிய விவரம். கேள்வியில் அது இல்லை.

இயந்திரத்தில் இந்தச் சிக்கல்கள் இல்லை. கன்ட்ரோல் யூனிட்டில் ரிசல்ட் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் வரும். ஆகவே சட்டமன்றத் தேர்தலில் வெறுமனே இயந்திரங்களை மறுபடி எண்ணச் சொல்வதில் பயன் குறைவு. எண் மாறக்கூடிய இடங்கள் வேறு. முதலாவது, திரையில் தெரிந்த எண்ணைத் தாளில் ஏற்றும் இடம். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை வாக்கு பதிவானது, இயந்திரத்தின் எண் என்ன, முத்திரைகளின் எண் என்ன என்று படிவம் 17சி எழுதி, அங்கிருக்கும் முகவர்களுக்குப் பிரதி கொடுப்பார்கள். எண்ணும் மேசைக்கு அந்தப் பிரதியோடு போகிற முகவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 17சியில் உள்ள மொத்தமும் இயந்திரம் காட்டும் மொத்தமும் பொருந்தாவிட்டாலோ, மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை அழிக்காமல் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கியிருந்தாலோ, அந்த இயந்திரத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அப்படி ஒதுக்கிய சாவடிகளில் பதிவான மொத்த வாக்குகளைவிட வெற்றி வித்தியாசம் அதிகமாக இருந்தால் அவற்றைத் தொடுவதில்லை. வித்தியாசம் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அங்குள்ள விவிபேட் சீட்டுகளை, அதாவது ஒவ்வொரு வாக்குக்கும் இயந்திரத்தோடு இணைந்த கருவி அச்சிட்ட சீட்டுகளை, எண்ணியாக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். இது தவிர, உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சொன்னபடி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் குலுக்கல் முறையில் 5 சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எப்படியும் எண்ணுகிறார்கள். அதற்கு மேலும் ஒரு குறிப்பிட்ட சாவடியின் சீட்டுகளை எண்ண வேண்டுமென்றால் அதே 1961 விதிகளின் 56டி விதிப்படி காரணத்துடன் எழுதிக் கேட்கலாம். இயந்திரமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும்.

இரண்டாவது இடம் தபால் ஓட்டு. நெருக்கமான தொகுதிகளில் உண்மையான போராட்டம் இங்கேதான். உறுதிமொழிப் படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இட்டவர் தகுதியானவர் அல்ல என்று நூற்றுக்கணக்கில் தள்ளப்படும். வெற்றி வித்தியாசம் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்குமுன் அத்தனையையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும் என்பது ஆணையத்தின் கட்டளை. நம் நாட்டில் தானாக வரும் மறு ஆய்வு என்று சொல்லத்தக்கது அநேகமாக இது ஒன்றுதான். 2023இல் பெங்களூரு ஜெயநகரில், தள்ளிய தபால் ஓட்டுகளை நள்ளிரவு வரை மறுபடி பார்த்தபின், பின்தங்கியிருந்தவர் 16 வாக்குகளில் வென்றார்.

இனி நீதிமன்றம். மறு எண்ணிக்கையை மறுத்த அன்றே உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு அதிகாரியின் செயலை எதிர்க்கும் மனு) போட்டு அறிவிப்பை நிறுத்த முடியுமா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. அதை முடிவு செய்த வழக்கு நம் நாமக்கல்லிலிருந்து போனது. முதல் பொதுத் தேர்தலின்போது, அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவை 1951 நவம்பர் 28 அன்று தேர்தல் அதிகாரி தள்ளினார். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1952 ஜனவரி 21 அன்று வந்த தீர்ப்பு, அரசியலமைப்பின் 329ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி, தேர்தல் என்பது அறிவிக்கை முதல் முடிவு அறிவிப்பு வரையிலான முழு நடவடிக்கை என்றும், நடுவில் எந்த நீதிமன்றமும் குறுக்கிட முடியாது என்றும், குறை இருந்தால் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுவாகத்தான் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தேர்தல் தகராறுகளில் முதலில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அதுதான். உள்ளாட்சித் தேர்தலுக்கு அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு அதே தடையைப் போடுகிறது.

தேர்தல் மனு சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்தில். ஊராட்சிக்கு மாவட்ட நீதிபதியிடம். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் போடலாம். கெடு 45 நாள். சட்டமன்றத்துக்கு முடிவை அறிவித்த நாளிலிருந்து, ஊராட்சிக்கு முடிவு வெளியிடப்பட்ட நாளிலிருந்து. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் வழக்கமான மனுவுக்கு இங்கே வேலையில்லை என்று 1973இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் பெரியப்பாவின் விஷயத்தில் இப்போது எந்த வழியும் திறந்திருக்கவில்லை. அந்தப் பதவிக்காலமே 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் மனுவோடு கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை இன்னமும் 2,000 ரூபாய்தான். சட்டத்தில் விலைவாசி ஏறாத இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதைக் கட்ட மறந்தால் மனு விசாரணையின்றித் தள்ளுபடியாகும்.

மனு போட்டுவிட்டால் எண்ணுவார்களா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தவறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்காக நீதிமன்றம் பெட்டியைத் திறக்காது. தவறு இருக்கிறது என்று நீங்கள் முதலில் காட்டினால், அதன் அளவை அறிவதற்காகத் திறக்கும். 1964இல் ராம் சேவக் யாதவ் வழக்கிலிருந்து இந்த நிலை மாறவில்லை: மனுவில் பொருளுள்ள விவரங்கள் இருக்க வேண்டும், அவற்றுக்கு முகாந்திரமான (முதல் பார்வைக்குப் போதுமான) சான்று இருக்க வேண்டும், நியாயம் செய்ய எண்ணித்தான் ஆக வேண்டும் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். வாக்கின் ரகசியத்தைக் காப்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இதன் கூர்மை தெரிய வேண்டுமானால் தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் பிறந்த சம்சுதீன் வழக்கைப் பார்க்க வேண்டும். அதில் கீழ் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியதில் முடிவும் மாறியது. ஆனாலும் 1989இல் உச்ச நீதிமன்றம், மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்ட நாளில் அதற்கு ஆதாரம் இருந்ததா என்பதே கேள்வி, எண்ணியபின் என்ன வந்தது என்பதை வைத்து அந்த உத்தரவை நியாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. எண்ணி வெளியே வந்த எண்ணைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட வேண்டும் என்பது சாதாரண மனிதருக்கு விசித்திரமாகத் தெரியும். எனக்கும் அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடில்லை. ஆனால் அதை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வாதாடும் என்பதால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அண்மை எடுத்துக்காட்டு 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதி. வித்தியாசம் 48. தோற்றவர், ஒருவர் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதால் பெறப்பட்ட 49பி வாக்குகள் உள்ளிட்ட பல குறைகளைச் சொன்னார். தேவையான விவரங்கள் மனுவிலேயே இல்லை என்று 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சாட்சி விசாரணை வரைகூடப் போகவில்லை.

தவறு நடந்தது என்று நிரூபித்தாலும் போதாது. அது முடிவைப் பாதித்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். செத்தவர் பெயரில் 4 வாக்கு விழுந்திருக்கிறது, வித்தியாசம் 6 என்றால் மனு நிற்காது. வித்தியாசம் 3 என்றால், அந்த 4 வாக்குகள் யாருக்கு விழுந்தன என்ற கேள்வி எழும். வாக்காளரைக் கூண்டில் ஏற்றி யாருக்குப் போட்டாய் என்று கேட்கச் சட்டம் அனுமதிக்காது. வித்தியாசம் ஒன்றே என்றாலும் இந்தச் சுமை இலேசாவதில்லை. திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூரைத் தாண்டினால் வரும் கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்தில், சந்தேமரஹள்ளி தொகுதியில் 2004இல் ஒருவர் 40,752 வாக்கும் மற்றவர் 40,751 வாக்கும் பெற்றார்கள். அந்த ஒரு வாக்கு வெற்றிதான் நின்றது. இருவரும் சமமாக வந்தால் சட்டம் குலுக்கல் சீட்டிடம் விட்டுவிடுகிறது. தோற்றவர் தம்மையே வென்றவராக அறிவிக்கவும் கேட்டிருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: வென்றவர் விசாரணை தொடங்கி 14 நாளுக்குள் எதிர்க்குற்றச்சாட்டு அறிவிப்புக் கொடுத்து, உங்களுக்கு விழுந்த வாக்குகளிலும் செல்லாதவை உண்டு என்று கிளறலாம். அவர் அதைக் கொடுக்கத் தவறினால், தம்முடைய தள்ளப்பட்ட வாக்குகளைப் பற்றிப் பிறகு பேச முடியாது என்பது ஜபர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. சட்டமன்ற மனுக்களில் வென்றவரின் வழக்கறிஞர் தவறவிடக் கூடாத தேதி அதுதான்.

காலம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பது வேறு. இராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016 மே மாதம் வித்தியாசம் 49. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இட்ட 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியது சரியா என்பது தகராறின் மையம். அவற்றையும் கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ண 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடை நீங்காமலே 2021இல் சட்டமன்றத்தின் காலம் முடிந்து, மனுதாரரான அப்பாவு அதே தொகுதியில் மறுபடி நின்று வென்று சபாநாயகராகவும் ஆகிவிட்டார். இதற்கு மாறாக அரியானாவின் பானிபட் மாவட்டத்து ஊர் ஒன்றில் 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தல். ஒரு சாவடியின் எண்களைத் தாளில் ஏற்றியதில் தகராறு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இயந்திரங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து எண்ண வைத்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,051, வென்றதாக அறிவிக்கப்பட்டவருக்கு 1,000 என்று வந்தது. பதவி மாறியது, ஆனால் ஐந்தாண்டில் ஏறக்குறைய மூன்றாண்டு போய்விட்டது. இரண்டிலும் வழக்கு அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம், தகராறு குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றதுதான்: இங்கே சான்றொப்பம், அங்கே ஒரு சாவடியின் எண்.

உறுதியானவற்றை இதுவரை சொன்னேன். உறுதியற்றவையும் உண்டு. முகாந்திரமான சான்று என்பதற்கு எவ்வளவு வேண்டும் என்பதில் நீதிபதிக்கு நீதிபதி வேறுபாடு இருக்கிறது. 6 வாக்கு வித்தியாசத்தில் 40 செல்லாத சீட்டு இருந்து, எழுத்து மூலமான ஆட்சேபமும் அதைக் காரணமின்றி மறுத்த உத்தரவும் இருந்தால் நல்ல வாய்ப்பு என்று என்னிடம் வழக்குக் கொடுக்க வருபவரிடம் சொல்வேன். ஜெயித்துவிடுவோம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பெரியப்பா விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தாரா, வாயால் கேட்டாரா என்பது தெரியாமல் அன்று மறுத்தது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து, வாயால் கேட்டதாகவே ஊகிக்கிறேன். அப்படியானால் வழக்குக்குப் போகாததில் பெரிய இழப்பில்லை.

அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டிலிருந்து யாராவது நிற்பதாக இருந்தால், எண்ணிக்கைக்குப் போகும் முகவர்களில் ஒருவரையாவது எழுதும் வேலைக்கென்று மட்டும் வையுங்கள். மேசை எண், கட்டு எண், ஆட்சேபித்த சீட்டு எத்தனை, என்ன காரணம், எத்தனை மணிக்கு என்று அவர் ஒரு நோட்டில் எழுதட்டும். உறவுக்காரர் என்பதற்காகவோ குலக் கூட்டத்தைச் சேர்ந்த மூத்தவர் என்பதற்காகவோ முகவர் பாஸைக் கொடுக்காதீர்கள். கண் நன்றாகத் தெரிகிற, சண்டைக்குப் போகாத ஆளைப் பாருங்கள். விண்ணப்பத்தின் முதல் பத்தியை முந்தைய நாளே தட்டச்சு செய்து கையில் வைத்திருங்கள். இடத்தையும் எண்ணையும் மட்டும் அங்கே நிரப்பலாம். சட்டமன்றத் தேர்தலாக இருந்தால் இன்னும் இரண்டு கெடு நினைவிருக்கட்டும். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தை, தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களை வைத்துச் சோதிக்கலாம். செலவைக் கேட்பவர் முன்பணமாகக் கட்ட வேண்டும், முறைகேடு தெரிந்தால் திருப்பித் தருவார்கள். இது மறு எண்ணிக்கை அல்ல. இயந்திரத்தில் கை வைக்கப்பட்டதா என்ற சோதனை மட்டுமே. அடுத்தது, வாக்குச்சாவடியிலும் எண்ணும் மையத்திலும் எடுத்த வீடியோ. தேர்தல் மனு வராவிட்டால் 45 நாளுக்குப்பின் அதை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. மனு போடவே 45 நாள் என்பதால், கடைசி நாள் வரை காத்திருப்பவர் தம் சாட்சியை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார். முடிவு வந்த வாரத்திலேயே, இன்ன மேசையின் பதிவைப் பாதுகாக்கவும் என்று மாவட்டத் தேர்தல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு வைப்பது நல்லது.

கடைசியாக, பதவியேற்பைத் தடுப்பது. மனு நிலுவையில் இருப்பது வென்றவர் பதவியேற்கவோ பணியாற்றவோ தடையாகாது. அதற்காக இடைக்காலத் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தேர்தலை உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தாலும், 30 நாளுக்குள் அவர் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே தடை கிடைத்தால் உறுப்பினராகவே தொடர்வார், சில நேரம் அவையில் வாக்களிக்கக் கூடாது, படி வாங்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. தடை கிடைக்காவிட்டால் தீர்ப்பு வந்த நொடியிலிருந்து பதவி போகும். அதுவரை அவர் கலந்துகொண்டு செய்தவை எவையும் அந்தக் காரணத்தால் செல்லாமல் போவதில்லை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 107ஆவது பிரிவு சொல்கிறது.